ஒரு பிளக் பாயிண்டும் நாற்பத்தைந்தாயிரம் ரூபாயும்: எந்த லேப்டாப்?

எங்கள் ஹாஸ்டல் அறையில் நான்கு கட்டில், இரண்டு பிளக் பாயிண்ட். அதில் ஒன்று அயர்ன் பாக்ஸைச் செருகிச் செருகியே தளர்ந்துபோனது. சார்ஜருக்கு அடியில் பேப்பரை மடித்து முட்டுக் கொடுத்தால்தான் நிற்கும். லேப்டாப் வாங்குவதற்கு முன் மூன்று மாதம் யூடியூப் பார்த்தேன். பிராசசர், ராம், கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்பிளே வெளிச்சம் எத்தனை நிட்ஸ் என்று எல்லாவற்றையும் அலசினார்கள். பிளக் பாயிண்டைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கடைசியில் என் முடிவை இழுத்துக்கொண்டு போனது அதுதான், கூடவே அப்பா போனில் கேட்ட ஒரு கேள்வி.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. சொந்த ஊர் சங்கரன்கோவில். முதல் வருடத்தைக் கல்லூரி லேபையும் போனையும் வைத்து ஓட்டிவிட்டேன். 2025 ஜூனில், இரண்டாம் வருடம் தொடங்கும் முன், அம்மா சீட்டு எடுத்து 45,000 ரூபாய் கொடுத்தார். "இதுக்கு மேல ஒத்த ரூவா கெடையாதுய்யா" என்றும் சொல்லிவிட்டார்.

எனக்குப் புது சாமான் என்றால் பைத்தியம். பெரியம்மா மகன் அண்ணனுக்கு அரசின் விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. அந்த லேப்டாப்பில்தான் நான் டைப் அடிக்கப் பழகினேன். பேட்டரி செத்த பிறகும் சார்ஜரிலேயே வைத்து நான்கு வருடம் ஓட்டினோம். அப்போது பிடித்த பித்து இன்னும் போகவில்லை. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் 'கோபைலட் பிளஸ் பிசி' என்று அறிவித்தபோது பிளஸ் டூ ரிசல்ட் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கவுன்சலிங் பதிவை ஒத்திப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க அதைப் படித்தேன். செயற்கை நுண்ணறிவுக்கென்றே தனியாக ஒரு சிப், விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு, குறைந்தது 16 ஜிபி ராம். எனக்கு அதுதான் வேண்டும் என்று போனில் குறித்து வைத்தேன். எதற்கு வேண்டும் என்று குறிக்கவில்லை.

ஒரு வருடம் கழித்துப் பணம் கைக்கு வந்தபோதுதான் அந்த 'எதற்கு' வந்து நின்றது. அதனால் லேப்டாப்பை விட்டுவிட்டு என் ஒரு நாளை எழுதிப் பார்த்தேன்.

காலை எட்டே முக்காலுக்கு முதல் பீரியட். வகுப்பில் அறுபது பேர், ஒரே ஒரு பிளக், அதுவும் புரொஜெக்டருக்கு. மாலை நாலு மணிக்கு விடுவார்கள். நூலகத்தில் சுவரோரம் எட்டு மேஜைகளுக்கு மட்டும் பிளக் உண்டு. நாலேகாலுக்குப் போனால் அந்த எட்டும் போயிருக்கும். ஏழரைக்கு மெஸ். அப்புறம் அறை, நான்கு பேர், இரண்டு பிளக். ஜங்ஷன் பாக்ஸ் வைத்தால் வார்டன் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கெட்டில் வைத்து மாகி செய்கிறோம் என்று அவருக்குச் சந்தேகம், சந்தேகம் சரிதான். ஆக, நாலு மணியிலிருந்து பத்து மணி வரை கரண்ட் இல்லாமல் தாங்கும் மெஷின் வேண்டும். ஆறு மணி நேரம்.

வேலை என்ன? மூன்றாம் செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஜாவா. நான்காவதில் டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம். அதாவது கோடு எழுத விஎஸ் கோட், டேட்டாபேஸுக்கு மைஎஸ்கியூஎல், விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு மெஷின் மாதிரி ஓடும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஒரு உபுண்டு லினக்ஸ், பிரவுசரில் இருபது டேப், ஓரத்தில் ஒரு என்பிடெல் பாட வீடியோ. இதில் எதுவும் பிராசசரைப் பெரிதாக வாட்டாது. திறந்திருக்கும் வேலைகளையெல்லாம் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ராமைத்தான் தின்னும். விண்டோஸ் சும்மா இருக்கும்போதே மூன்று நான்கு ஜிபி எடுத்துக்கொள்கிறது. உபுண்டுவுக்கு நான்கு கொடுத்தால் 8 ஜிபி மெஷினில் பிரவுசருக்கு மிஞ்சுவது தண்ணீர் பந்தல் மோர் மாதிரி. பிராசசர் ஐ3-ஆ ஐ5-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன் ராம் 8-ஆ 16-ஆ என்று கேட்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டு வழிகளைச் சீக்கிரமே தள்ளிவிட்டேன். முதலாவது, கீபோர்டு வைத்த டேப்லெட். பேட்டரி அருமை, எடை குறைவு, நோட்ஸ் எழுதலாம். கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் மாணவர் கணக்கு வாங்கினால் அதன் ஆன்லைன் கம்ப்யூட்டரான கோட்ஸ்பேசஸில் மாதம் 180 கோர்-மணி இலவசம். கோர் என்பது பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி. இரண்டு கோர் மெஷின் எடுத்தால் 90 மணி நேரம், பிரவுசரிலேயே கோடு எழுதலாம். ஆனால் ஹாஸ்டல் வைஃபை படுத்தால் வேலையும் படுத்துவிடும். பிளேஸ்மென்ட் தேர்வுகளில் பல, கேமராவோடு ஒரு முழுக் கம்ப்யூட்டரைக் கேட்கின்றன. டேப்லெட்டை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்க முடியாது.

இரண்டாவது, அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். 45,000 ரூபாய்க்கு வேகம் என்று பார்த்தால் இதை எதுவும் அடிக்க முடியாது. பின்னாளில் ராம் போடலாம், கார்டு போடலாம், எதையும் கழற்றலாம். ஆவடியிலிருந்து தினமும் வந்து போகிற என் நண்பன் இதைத்தான் செய்தான், சரியாகச் செய்தான். ஹாஸ்டலில் என் மேஜையில் ஒரு ரெக்கார்டு நோட்டை முழுசாக விரித்தால் முழங்கை வெளியே தொங்கும்.

மிச்சம் மூன்று. புது பட்ஜெட் லேப்டாப், கேமிங் லேப்டாப், ரீஃபர்பிஷ்ட் (சரிபார்த்து மறுபடி விற்கும் பழைய லேப்டாப்). வீட்டிலும் நண்பர்களிடமும் இவை மூன்றுக்கும் தனித்தனிக் கட்சி இருந்தது.

புதுசு வாங்குவது அம்மா கட்சி. பெட்டி பிரிக்கும் வாசனை, ஒரு வருட வாரண்டி, புது பேட்டரி, ஒழுங்கான பில். இந்த நிம்மதியைக் குறைத்துப் பேச மாட்டேன். மவுண்ட் ரோடு ஷோரூமில் என் பணத்துக்குக் காட்டியவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று இன்டெல் ஐ3-1215யு. பேரில் ஐ3 என்றாலும் ஆறு கோர், எட்டு த்ரெட், நல்ல சிப். இன்னொன்று ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 7520யு. '5' என்பதையும் '7000 சீரிஸ்' என்பதையும் விற்பனையாளர் அழுத்திச் சொல்வார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த வரிசை ரைசன் லேப்டாப் சிப்களில் முதல் இலக்கம் எந்த வருடத்து மாடல் என்பதைக் குறிக்கும். உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520-இல் அது 2. அதாவது ஜென் 2, முதன்முதலில் 2019-இல் வந்த வடிவமைப்பு. கோரும் நான்குதான். புதுச் சட்டை போட்ட பழைய ஆள். மோசமான சிப் என்று சொல்ல வரவில்லை, 'லேட்டஸ்ட்' என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள் என்கிறேன்.

என்னைத் தடுத்தது ராம். பார்த்தவற்றில் பாதி 8 ஜிபி, அதுவும் மதர்போர்டிலேயே சால்டர் செய்தது, கழற்ற முடியாது. சிலவற்றில் ராம் செருகக் கூடுதல் ஸ்லாட் ஒன்று இருந்தது, சிலவற்றில் அதுவும் இல்லை. இதைப் பெட்டியின் மேல் எழுத மாட்டார்கள், விற்பவருக்கும் தெரியாது. "ராம் ஏத்திக்கலாமாண்ணே?" என்று கேட்டால் "ஏத்திக்கலாம் தம்பி" என்பார். "ஸ்லாட் எத்தனை?" என்றால் மேனேஜரைப் பார்ப்பார். அடுத்தது ஹிஞ்ச், அதாவது மூடியின் கீல். எங்கள் சீனியர் ஒருவர் வாங்கிய புது லேப்டாப்பில் பதினான்காவது மாதம் மூடி கீலோடு பெயர்ந்து வந்தது. வாரண்டி முடிந்து இரண்டு மாதம். மூடியை ஒரு மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்து வைத்துத்தான் புராஜெக்ட் முடித்தார்.

கேமிங் லேப்டாப் அறைத்தோழர்கள் கட்சி, என் மனசும் உள்ளுக்குள் அந்தக் கட்சிதான். என் பட்ஜெட்டுக்கு வெளியே என்பதால் இஎம்ஐ போட வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட ஒன்று எழுபதாயிரத்தை ஒட்டி வந்தது. எனக்கு விளையாட்டு முக்கியமில்லை. கேட்டதற்குப் பதில் எழுதும் ஏஐ மொழி மாதிரிகளை என் மெஷினிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுதான் ஆசை. இண்டர்நெட் இல்லாமல், என் கட்டிலில் உட்கார்ந்து, என் மெஷின் எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சரி, கணக்கு போட்டேன். 700 கோடி பாராமீட்டர் (மாதிரி கற்றதைச் சேமித்து வைக்கும் எண்கள்) கொண்ட ஒரு மாதிரியில் ஒவ்வோர் எண்ணையும் நான்கு பிட்டுக்குச் சுருக்கினால் அதற்கே சுமார் 4 ஜிபி இடம் வேண்டும். உரையாடல் நீள நீள அதற்கு மேலும் வேண்டும். நான் பார்த்த கார்டில் வீடியோ மெமரி மொத்தமே 4 ஜிபி. பஸ் நிறைந்து படியில் தொங்கும் நிலை. தொங்குகிற பகுதி சாதாரண ராமுக்குப் போய்விடும், வேகம் படுத்துவிடும். இதற்காக எழுபதாயிரமா? ஆன்லைனிலேயே கோடு ஓட்டும் கூகுள் கொலாபில் இலவசமாகக் கிடைக்கும் டி4 ஜிபியுவில் (கிராஃபிக்ஸ் சிப்) 16 ஜிபி மெமரி. அதே மாதிரித் தளமான கேகிளில் வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம் ஜிபியு இலவசம். என் படிப்புக்கு வரும் மாதிரிகளுக்கு இது தாராளம். தொல்லையும் உண்டு. கொலாப் இலவசக் கணக்கில் எப்போது துண்டிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு தடவை மூன்று மணி நேரம் ஓடிய ஒரு மாதிரியின் பயிற்சி, நான் சாப்பிடப் போன நேரத்தில் அறுந்து, எல்லாம் போயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கூகுள் டிரைவில் சேமிக்கும்படி எழுதுகிறேன். இந்தப் பழக்கம் எப்படியும் வந்தே ஆக வேண்டியது.

அப்புறம் அந்த பிளக். கேமிங் லேப்டாப்பின் முழு வேகம் சார்ஜரில் இருக்கும்போது மட்டும்தான் வரும். பேட்டரியில் ஓட்டினால் கார்டு அடங்கி ஒடுங்கிவிடும், அப்படியும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் அபூர்வம். சார்ஜரோ செங்கல் மாதிரி. மெஷின் இரண்டே கால் கிலோ, சார்ஜர் அரைக் கிலோ, பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம் தோளில். அறைத்தோழன் ஒருவன் வாங்கியே விட்டான். அவன் மெக்கானிக்கல். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இஎம்ஐ பற்றி வீட்டில் பேச்செடுத்ததோடு சரி. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். பேச்சை அப்படியே விட்டுவிட்டு வேறு கேட்டார்: "அது எதுனாலும் இருக்கட்டும்லே. கெட்டுப்போனா சாமான் கெடைக்குமா?"

எங்கள் தெருவில் புதுத் தறி வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் கைமாறி வந்தவை. அப்பாவின் தறி என்னைவிட மூத்தது. நூலைக் கொண்டு ஓடும் நாடா தேயும், அதைத் தள்ளும் பிக்கர் கிழியும், பெல்ட் அறும். கடைக்குப் போய் வாங்கி வந்து அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுவார். அவர் கண்ணில் இயந்திரம் என்றால் அதுதான், உதிரி கிடைக்கும் வரை உயிரோடு இருப்பது. அவர் கேட்ட அளவுகோலை வைத்து மூன்றையும் மறுபடி பார்த்தேன். வரிசை தலைகீழாகிவிட்டது.

ரீஃபர்பிஷ்ட் என்றாலே திருட்டு மாலோ என்னவோ என்று நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் நடப்பது இதுதான்: பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்கு ஆயிரக்கணக்கில் லேப்டாப்பை லீசுக்கு எடுக்கின்றன. மூன்று நான்கு வருடத்தில் லீஸ் முடிந்ததும் மொத்தமாக லாட்டு லாட்டாக வெளியே வருகின்றன. வியாபாரிகள் துடைத்து, சேமிப்புக்கு எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸ் ஏற்றி விற்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்குச் செய்த மாடலுக்கும் அலுவலகத்துக்குச் செய்த மாடலுக்கும் உள்ளே நிறைய வித்தியாசம். அலுவலகத்தில் ஒரு கீபோர்டு போனால் அங்கேயே மாற்றிவிட்டு ஆள் வேலையைத் தொடர வேண்டும், அதனால் கழற்ற எளிதாகச் செய்கிறார்கள். சர்வீஸ் மேனுவலையே இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள், எந்தத் திருகை முதலில் கழற்றுவது என்பது வரை.

நான் குறிவைத்தது லெனோவோவின் அலுவலக மாடலான திங்க்பேட் டி480. 2018 மாடல். ராமுக்கு இரண்டு ஸ்லாட், இரண்டும் கழற்றக்கூடியவை. பேட்டரி இரண்டு, உள்ளே ஒன்று, பின்னால் செருகுவது ஒன்று. உள்ளே இருப்பது ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே இருப்பதைக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். மெஷின் அணையாது. பிளக் இல்லாத வாழ்க்கைக்கென்றே யாரோ யோசித்துச் செய்த மாதிரி இருந்தது. டைப்-சி சார்ஜர் என்பதால் போனுக்கும் அதுவே போதும். பழையது என்பதால் வேகத்தில் புது ஐ3-1215யு இதைத் தெளிவாக முந்தும். அதில் பேச்சே இல்லை. என் வேலைக்கு அந்த வேகம் தேவையா என்பதுதான் கேள்வி.

ஒரு சனிக்கிழமை சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நாள் பணம் கொண்டு போகாதீர்கள். முதல் நாள் கேட்க, இரண்டாம் நாள் வாங்க. ஒரே தெருவில் ஒரே மெஷினுக்குப் பதினேழாயிரத்திலிருந்து இருபத்து நான்காயிரம் வரை விலை சொன்னார்கள். "கம்பெனி பீஸ் தம்பி, ஸ்கிராட்ச் பாரு, ஒண்ணு கெடையாது" என்று மூடியைத் தடவிக் காட்டுவார்கள். ஸ்கிராட்சால் ஒன்றும் ஆகாது. பார்க்க வேண்டியது வேறு.

முதலில் பிராசசர் எண். முந்தைய மாடலான டி470-யும் டி480-யும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். டி470-இல் இருப்பது ஆறாம் ஏழாம் தலைமுறை இன்டெல், அதற்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிவு என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஆக ஐ5- என்பதற்குப் பிறகு வரும் இலக்கம் 8 ஆக இருக்க வேண்டும். ஒரு கடையில் டி480 என்று சொல்லி எனக்குக் காட்டியது டி470. மூடியைத் திறந்து திரை ஓரத்தில் பெயரைப் படித்தால் போதும், அதைச் செய்யாமல் வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

அடுத்தது திரை. இதே மாடல் 1366-க்கு 768 என்ற மங்கலான திரையோடும் வந்தது, முழு எச்டி திரையோடும் வந்தது. மூன்றாவதாக, ஆன் செய்தவுடன் எஃப்1 அழுத்தி, மெஷினின் அடிப்படை செட்டிங்கான பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பழைய கம்பெனி போட்ட பூட்டு அது, "அது ஒண்ணும் பண்ணாது தம்பி" என்பதை நம்ப வேண்டாம். நான்காவது, கமாண்ட் பிராம்ப்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். தயாரிக்கும்போது இருந்த கொள்ளளவு எவ்வளவு, இப்போது எவ்வளவு நிரம்புகிறது என்று இரண்டு எண் வரும். நான் எடுத்ததில் உள் பேட்டரி 24 வாட்-ஹவரில் 17 தாங்கியது, வெளி பேட்டரி 24-இல் 11. டைப்-சி போர்ட்டில் சார்ஜரைச் செருகி லேசாக ஆட்டியும் பார்க்க வேண்டும். அது மதர்போர்டோடு ஒட்டியது, போனால் செலவு.

8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, முழு எச்டி திரை. 18,500-க்கு முடித்தேன். "பில் வேணும்னா ரேட் வேற தம்பி" என்றார் முதலில். பில் இல்லாமல் வேண்டாம் என்று எழுந்ததும் அதே ரேட்டுக்குப் பில் வந்தது. இன்னொரு 8 ஜிபி ராம் 1,600. வெளி பேட்டரிக்குப் பதில் புது 48 வாட்-ஹவர் ஒன்று 3,200. மொத்தம் 23,300. மிச்சம் 21,700-ஐ அம்மாவுக்கே திருப்பி அனுப்பினேன். ஏமாந்துவிட்டேன் என்றுதான் அவர் முதலில் நினைத்தார்.

இப்போது நான்காம் செமஸ்டர். நல்லதை மட்டும் சொன்னால் அது விளம்பரம். வாங்கிய மூன்றாவது வாரம், 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த உள் பேட்டரி சட்டென்று பூஜ்யத்துக்கு விழ ஆரம்பித்தது. கடைக்குப் போனேன். "டெஸ்டிங் வாரண்டி பதினஞ்சு நாள்தான் தம்பி, சீட்டுல எழுதியிருக்கு பாரு." எழுதித்தான் இருந்தது, நான் படிக்கவில்லை. வேறு கடையில் 2,400 கொடுத்துப் புது பேட்டரி வாங்கி, மேனுவலைப் பார்த்துக்கொண்டே நானே மாற்றினேன். கீழ்மூடியின் திருகுகள் கழன்று கீழே விழாதபடி மூடியிலேயே தங்கிவிடுகின்றன. கிளிப்புகளை நெம்ப ஒரு பழைய ஏடிஎம் கார்டு. இருபது நிமிடம். வீடியோ காலில் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "பிக்கர் மாத்துறத விட லேசுதாம்ல" என்றார். நூலகத்தில் பிளக் இல்லாத மேஜையில் உட்கார்ந்து ஆறு மணி நேரம் வருகிறது. என் ஆறு மணி நேரம்.

குறைகளும் உண்டு. வெயிலில் திரை தெரியாது. வெப்கேமில் நான் நிழலுருவம் மாதிரி இருப்பேன், மாக் (ஒத்திகை) இன்டர்வியூவுக்கு டேபிள் லாம்ப் கடன் வாங்குகிறேன். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் எமுலேட்டரை, அதாவது கம்ப்யூட்டருக்குள் ஒரு போன் மாதிரி ஓடுவதை, ஓட்டினால் ஃபேன் கூவுகிறது. அதனால் நான் எழுதும் ஆப்பை நேராக என் போனிலேயே ஓட்டிச் சோதிக்கிறேன். விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைதான் அடிப்படி, அதற்குப் பழையது ஏறாது, நாளை அந்தக் கோட்டை நகர்த்தினால் நான் லினக்ஸுக்குப் போக வேண்டியிருக்கும். எனக்கு அது வருத்தமில்லை, எல்லோருக்கும் அப்படி இருக்காது.

இன்னொன்று. என் கணக்கை இப்போது அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை எகிறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி தயாரிப்பாளர்கள் முதலிடம் கொடுக்கிறார்கள். அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் நம்மைப் போன்றவர்கள் வாங்கும் குரூஷியல் ராம் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. நான் 1,600-க்கு வாங்கிய அதே ராமுக்கு அதே கடையில் இப்போது இரண்டு மடங்குக்கு மேல் கேட்கிறார்கள். 'பிறகு ராம் போட்டுக்கொள்ளலாம்' என்ற என் தந்திரம் இன்று செல்லாது, முதலிலேயே 16 ஜிபி இருக்கும் பீஸாகத் தேடுங்கள். எந்த ஏஐ சிப்புக்காக ராத்திரி முழிச்சேனோ அதே ஏஐ என் ராம் விலையை ஏற்றியது வேறு கதை.

என் வழி யாருக்குச் சரிவராது என்றும் சொல்ல வேண்டும். என் வகுப்புத் தோழி ஒருத்தி காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். பாதி நாள் நின்றுகொண்டே. அவளுக்கு எடைதான் முதல் கேள்வி. இரண்டு சனிக்கிழமை கடைத்தெருவில் அலைந்து பேரம் பேச அவளுக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. புது 14 அங்குல மெஷின், ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே, 16 ஜிபி. கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கினாள். வீட்டில் பிளக்குக்குப் பஞ்சமில்லை, வீட்டுப் பக்கத்திலேயே சர்வீஸ் சென்டர். அவள் நாளுக்கு அதுதான் சரி. எலக்ட்ரானிக்ஸ் (இசிஇ) படிக்கிறவர்கள் எஸ்எஸ்டியைக் கவனிக்க வேண்டும். சிப் வடிவமைக்கும் விவாடோ மாதிரி ஒரு சாஃப்ட்வேரை முழுதாக ஏற்றினால் அதுவே நூறு ஜிபிக்கு மேல் விழுங்கும், என் 256 அங்கே எடுபடாது.

பழைய மேக்புக் ஏர் எம்1 எப்படி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2020 கடைசியில் வந்தது, ஃபேனே கிடையாது, பேட்டரியில் என் மெஷினைத் தோற்கடிக்கும். பிளக்கை மட்டும் அளவுகோலாக வைத்தால் நான் அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். ராம், எஸ்எஸ்டி இரண்டும் போர்டோடு ஒட்டியவை. அப்பாவின் கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லையென்றால், முந்தைய உரிமையாளரின் ஐகிளவுட் (ஆப்பிள் கணக்கு) பூட்டு கழன்றிருக்கிறதா என்று கண்ணெதிரே பார்த்துவிட்டுத் தாராளமாக வாங்கலாம்.

அந்த மெக்கானிக்கல்காரன். இயந்திர பாகங்களை வரையும் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், பெரிய அசெம்பிளியைத் திருப்பிப் பார்க்க நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். அவனுக்கு கேமிங் லேப்டாப் ஆடம்பரம் என்று இனி சொல்ல மாட்டேன். மூன்றாம் செமஸ்டரில் அவன் வரைந்த கியர்பாக்ஸ் என் மெஷினில் திறக்கவே இல்லை. அவனுக்கு வேண்டியது பிளக், எனக்கு எப்போதாவது வேண்டியது அவன் கார்டு. ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். ராத்திரி என் முறையில் ஒரு மணி நேரத்தை அவனுக்கு விட்டுக்கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலை அவன் தூங்கும் நேரத்தில் அவன் லேப்டாப்பில் என் குட்டி மாதிரிகளை ஓட்டிக்கொள்கிறேன். அவனுடைய கனத்த சார்ஜர் அந்தத் தளர்ந்த பிளக்கில் தானாக நிற்காது. பேப்பர் மடித்து முட்டுக் கொடுக்கும் வேலை மட்டும் இன்னும் என்னுடையதாகவே இருக்கிறது.